மேஜையடியில் ஒரு பாதரட்சை

வெனிஸ் நகரத்துப் பெருந்தனவந்தர்களில் ஒருவரான தத்தேயோ கொந்தாரினியின் மாளிகையில் 1525ஆம் ஆண்டில் ஒருங்கே இருந்து, பின்பு கால வெள்ளத்தில் திசைக்கொன்றாய்ப் பிரிந்துபோன இரண்டு ஓவியங்கள், 2023 நவம்பர் முதல் 2024 பிப்ரவரி வரை நியூயார்க்கில் ஃப்ரிக் கலைக்கூடம் நடத்திய கண்காட்சியில் மீண்டும் ஒன்றுகூடின. ஒன்று, வியன்னாவிலிருந்து வந்த ஜோர்ஜோனேயின் ‘மூன்று தத்துவஞானிகள்’. மற்றது, ஜொவான்னி பெல்லினி தீட்டிய ‘பாலைவனத்தில் புனித பிரான்சிஸ்’. ஞானிகள் மூவரும் என்னைப் பொறுத்தருள்வார்களாக. என் மனம் பிரான்சிஸின் வெறுங்கால்களை விட்டு அகல மறுக்கிறது.

குகை வாசலில் கைகளைச் சற்றே விரித்து, வானிலிருந்து பொழியும் ஒளிக்கு முகத்தை ஏந்தி நிற்கிறார் அந்தச் சந்நியாசி. அவருக்குப் பின்னே, கொடிப் பந்தலின் கீழே, ஒரு மேஜை. அதன்மேல் புத்தகமும் ஒரு கபாலமும். அடியில், அவர் கழற்றிவிட்டு வந்த பாதரட்சை. கற்சுவரின் பொந்திலிருந்து ஒரு முயல் எட்டிப் பார்க்கிறது. கீழ்மூலையில் ஒரு சிறு காகிதத் துண்டில் ஓவியர் தம் பெயரை எழுதியிருக்கிறார்.

துணி வியாபாரியின் மகனாய்ப் பிறந்து, அசிசி நகரின் மேற்றிராணியார் முன்னிலையில் உடுத்திருந்த ஆடையையும் களைந்து தகப்பனிடமே கொடுத்துவிட்டு, தரித்திரத்தையே மணவாட்டியாக வரித்துக்கொண்டவர் அவர். அவர் 1226இல் மறைந்து நூறாண்டு நிறையுமுன்பே, கிறிஸ்துவும் சீடர்களும் உடைமை ஏதுமின்றி வாழ்ந்தார்கள் என்று சாதிப்பது பதிதம் என்று பாப்பரசர் 22ஆம் யோவான் 1323இல் விதித்துவிட்டார்.

தரித்திரத்தை மணந்த அந்தச் சந்நியாசியின் படத்தை 1915இல் வாங்கியவர் ஹென்றி கிளே ஃப்ரிக். கார்னெகி எஃகுக் கம்பெனியின் தலைவராக இருந்த காலத்தில், ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்புக்கு இணங்க மறுத்த தொழிலாளரை அடக்குவதற்காக, மொனோங்கஹேலா நதி வழியே பிங்கர்ட்டன் என்னும் தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் 300 பேரைப் படகில் வரவழைத்தவர் அவரே. 1892 ஜூலை 6ஆம் நாள் நடந்த அந்த மோதலில் இரு தரப்பிலுமாகப் பத்துப் பேராவது மாண்டார்கள். சில மாதங்களில் தொழிற்சங்கமும் முறிந்தது. 1919இல் காலமான ஃப்ரிக், தம் மாளிகையையும் ஓவியங்களையும் 1.5 கோடி டாலர் மூலதனத்தோடு பொதுமக்களுக்கென எழுதிவைத்துச் சென்றார்; 1935இல் அதன் கதவுகள் திறந்தன.

தானத்தால் பொருள் சுத்தியாகுமா? கொடுக்கும் பொருள் கொடுப்பவனுக்கே உரியதாய் இருப்பது தானத்தின் முதல் இலக்கணம் என்று நான் நம்புகிறேன். உலைக்கு எதிரே வெந்தவனின் கூலியில் பிடித்துக்கொண்டதைக் கொண்டு ஊருக்கெல்லாம் அழகை வழங்கினாலும், அதன் புண்ணியம் அந்தக் கூலிக்காரனுடைய கணக்கிலன்றி வேறெங்கும் சேர நியாயமில்லை. ஆயினும் படத்தை வெறுக்க என்னால் ஆகவில்லை. வாங்கியவர்களின் செல்வத்துக்கெல்லாம் பணியாமல், அவர்கள் வீட்டுச் சுவரிலேயே இருந்துகொண்டு, செல்வத்தைத் துறந்தவனின் ஆனந்தத்தை அது இத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறதே!

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. பெல்லினியின் பெயரைத் தாங்கிய அந்தக் காகிதத் துண்டின் அளவே உள்ள ஒரு பலகை போதும். ஹோம்ஸ்டெட் நதிக்கரையில் மாண்டவர்களின் பெயர்களை அதில் எழுதி, பிரான்சிஸின் வெறுங்கால்களுக்கு நேர்கீழே, பார்ப்பவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.