எச்சமும் முற்றும்

தமிழ் இலக்கணம் பயிலும் மாணவன் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளும் வேறுபாடுகளுள் ஒன்று, எச்சத்திற்கும் முற்றிற்கும் இடையிலான வேறுபாடாகும். 'வரைந்து' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்திருக்கிறார். 'வரைந்தான்' என்றதும் பொருள் நிறைந்துவிடுகிறது. சொல்லுக்குரிய இந்த நியதி மனிதன் செயலுக்கும் உரியதுதானா? எவரும் பணிக்காமல், கூலியும் பெறாமல், தன் விருப்பம் ஒன்றனாலேயே ஒருவன் தொடங்கிய வேலையை முடித்தே தீரவேண்டும் என்ற கடமை அவனுக்கு உண்டா?

ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் வாழும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன் எழுந்து, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான கடற்பாலத்தை மோட்டார் சைக்கிளில் கடந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்து இரவில் வீடு திரும்பும் ஆயிரமாயிரம் பேரில் அவனும் ஒருவன். இரவு உணவுக்குப்பின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் கணினி விளையாட்டு ஒன்றுக்குப் படம் வரைகிறான். கதையும் கட்டளை நிரலும் நண்பனுடையவை, உருவங்கள் இவனுடையவை. முதல் மாதம் உறக்கம் மறந்து வரைந்தான். நான்காம் மாதம் அந்தக் கோப்பைத் திறக்கவே அவனுக்குக் கூச்சமாயிருக்கிறது.

இதனைச் சோம்பல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. அவன் மேற்கொண்ட வேலையின் அளவை முதலில் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். விளையாட்டில் ஒரு பாத்திரம் நடக்கவேண்டுமாயின் முன்னும் பின்னும் இடமும் வலமுமாக நான்கு திசைகளுக்கும் படம் வேண்டும். ஒவ்வொரு திசைக்கும் கால் மாறும் நிலைகள் நான்கேனும் வேண்டும். ஆக, ஒரு பாத்திரத்தின் நடைக்கு மட்டும் 16 படங்கள். இளைஞன் ஆர்வ மிகுதியால் 30 பாத்திரங்களைத் திட்டமிட்டிருந்தால் 480 படங்கள். நாளுக்கு இரண்டென வரைந்தாலும் 240 இரவுகள் கழியும். மரமும் வீடும் கடையும் ஆறும் இன்னும் கணக்கில் வரவில்லை! ஊக்கம் குன்றியது அவன் குணக்கேட்டால் அன்று. தொடங்கிய நாளில் ஒருவரும் எண்ணிப் பாராத கணக்கினால்.

நம் வீட்டு வாசலில் கோலமிடும் பெண்கள் இக்கணக்கை நன்கு அறிந்தவர்கள். பாதிக் கோலத்தைப் போட்டுவிட்டு மீதி நாளைக்கு என்று எழுந்து போனவரைக் காண்பது அரிது. காரணம் என்ன? முதலில் புள்ளி வைக்கிறார்கள். எத்தனை புள்ளியோ அத்தனையே கோலம். வாசலின் அகலமும், விடியலுக்கு முன் எஞ்சிய நேரமும், டப்பாவிலுள்ள மாவும் அந்த எண்ணிக்கையை முடிவு செய்கின்றன. மனத்தில் தோன்றிய அழகு அதனை முடிவு செய்வதில்லை. மாலைக்குள் அழிந்துபோகும் என்று அறிந்தே, ஒரு கோடும் குறையாமல் முடிக்கிறார்கள்.

ஜொகூர் பாருவின் அருள்மிகு இராஜகாளியம்மன் கோயிலுக்குள் நுழைபவர், சுவரிலும் தூணிலும் மேற்கூரையிலும் பதிக்கப்பட்ட ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் துண்டுகளைக் கண்டு வியந்து நிற்பார். 2009ஆம் ஆண்டில் அது கண்ணாடிக் கோயிலாக உருப்பெற்றது. இத்தனை துண்டுகளைப் பதித்த பொறுமை இந்த இளைஞனுக்கு ஏன் இல்லை என்று கேட்பது பொருந்தாது. கோயில் திருப்பணிக்குக் கூலி உண்டு, மேற்பார்வை உண்டு, காத்திருக்கும் ஊர் உண்டு. தம்போயில் தனி விளக்கின்கீழ் அமர்ந்திருப்பவனுக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவனிடம் எசமானனும் அவனே, கூலியாளும் அவனே. கூலியாள் களைத்துப்போனால் எசமானன் இரங்கி விடுமுறை கொடுத்துவிடுகிறான்.

திருவள்ளுவர் ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் நடுவே மடியின்மையை வைத்தார். ஊக்கம் தானாகவே முயற்சியாக மாறிவிடுமென அவர் நம்பவில்லை போலும். முடியாது விட்ட வினையின் மிச்சம், அணையாத நெருப்பின் மிச்சத்தைப்போல் பின்னர்க் கேடு செய்யும் என்பதும் அவர் கருத்து. இங்கே ஒரு தடை எழும். அது அரசர்க்கும் அமைச்சர்க்கும் சொன்ன அறமன்றோ? பொழுதுபோக்குக்கு அது பொருந்துமா? பூந்தோட்டம் போடத் தொடங்கியவன் பாதியில் விட்டால் எந்த நாடு அழிந்துவிடும்?

நாடு அழியாது என்பது மெய்யே. ஆயினும் இரண்டு இடங்களில் இழப்பு நேர்கிறது. முதலாவது, உடன் உழைப்பவன். நிரல் எழுதிய நண்பனின் இரவுகளும் அப்படங்களோடு பிணைக்கப்பட்டுள்ளன. 'முடியவில்லை' என்று வெளிப்படையாகச் சொன்னால் அவன் வேறொருவரைத் தேடுவான். 'அடுத்த வாரம்' என்று ஓராண்டு சொல்வதே தீங்கு. இரண்டாவது இழப்பு வரைபவனுக்கே உரியது. பாதியில் நின்ற மூன்று வேலைகளுக்குப்பின் நான்காவதைத் தொடங்கும்போது, தன் சொல்லைத் தானே நம்பாத நிலை அவனுக்கு வந்துவிடுகிறது. அறிந்து கைவிடுவது வேறு, நழுவவிடுவது வேறு. முன்னது ஒரு முடிவு. பின்னதில் முடிவு செய்தவர் எவரும் இல்லை.

முடித்தவர்களை எது முடிக்கவைத்தது என்று நோக்கினால் வியப்பே மிஞ்சும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையரிடம், 1880இல் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா எனக் கேட்டார். அந்த ஒரு கேள்வி ஏழாண்டு உழைப்பாயிற்று. பாடவேளை போக எஞ்சிய பொழுதில் ஏடுகளை ஒப்பிட்டும், விளங்காத சமண மரபுகளைச் சமணர்களிடமே கேட்டும் 1887இல் அந்நூலை அச்சேற்றினார். கேட்பவர் ஒருவர் இருந்தார் என்பது சிறு செய்தியன்று. ஆனால் அவருடைய தன்வரலாறான 'என் சரித்திரம்' 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமலே நின்றது. அதனைக் குறையென்று சொல்லும் துணிவு எவருக்கு உண்டு? உயிர் நின்றதால் நின்றது எச்சமாயினும், அதில் பழியில்லை.

கணினி விளையாட்டுத் துறையிலேயே சான்றுகள் உண்டு. அமெரிக்கரான எரிக் பரோன், 'ஸ்டார்டியூ வேலி' என்னும் உழவு விளையாட்டின் படமும் இசையும் நிரலும் தாமே செய்து, நாலரை ஆண்டுகளுக்குப்பின் 2016இல் வெளியிட்டார். இடையில் நாடக அரங்கொன்றில் வாயிற்பணி செய்து செலவுக்குச் சம்பாதித்தார். வரைந்த படங்களைப் பலமுறை அழித்து மீண்டும் வரைந்தார். அவர் பெற்ற பெருஞ்செல்வத்தைக் காட்டி இளைஞரைத் தூண்டுவோர் பலர். அஃது ஆபத்தான தூண்டுதல். அவ்வாறு வரைந்து ஒருவரும் அறியாமற்போனவர் எத்தனையோ பேர்.

தமிழர்க்கு நெருக்கமான சான்று 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் ஒரு சிறு குழு உருவாக்கி, 2023 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு அது. 1980களில் அங்குக் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தி, மங்கிக் கிழிந்த தன் தாயின் சமையற்குறிப்பை ஊகித்து இட்டிலியும் புட்டும் சமைக்கிறாள். மகனோ மெல்ல மெல்லத் தமிழைவிட்டு விலகுகிறான். ஆடி முடிக்க இரண்டு மணி நேரம் போதும். பெரிய உலகம் ஒன்றைப் படைக்க அக்குழு முயலவில்லை. ஓர் அடுக்களை, ஒரு குடும்பம், சில பண்டங்கள். இவையே அவர்கள் வைத்த புள்ளிகள். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்னும் பரிசு அதற்குக் கிடைத்தது. பரிசு வராதிருந்தாலும் அது முற்றுப்பெற்ற படைப்பே.

தம்போய் இளைஞன் இன்றிரவு கோப்பைத் திறக்கக்கூடும். 30 பாத்திரங்களில் கதைக்கு இன்றியமையாதவர் எத்தனை பேர் என்று நண்பனிடம் கேட்டால், ஆறு என்று அவன் சொல்லலாம். 24 பேரை நீக்குவது எளிதன்று. அவர்களுள் இருவர்க்கு முகம் வரைந்தாயிற்று, ஒருத்திக்குப் பெயரும் வைத்தாயிற்று. நீக்கினால் மீதம் 96 படங்கள். நாளுக்கு இரண்டென்றால் 48 இரவுகள். விடியலில் பாலத்தைக் கடக்கவேண்டும். அதற்குமுன் ஒரு காவற்காரனின் இடக்கால் முன்வைக்கும் படம் ஒன்று வரைய நேரமிருக்கிறது.