எந்த வயதில் விண்ணப்பிப்பது?

பிள்ளைகளுக்காகப் பெற்றோர் கையொப்பமிடும் தாள்கள் பல. பள்ளிச் சேர்க்கைக்கும் வருமானச் சான்றிதழுக்கும் கையொப்பமிடும்போது நம் கை தயங்குவதில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் சிறுவனைப் படைத்துறைப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு அனுப்பும் விண்ணப்பம் அத்தகையதன்று. அவன் வளர்ந்தபின் எத்தொழிலில் நிற்பான், எதற்காக உயிரைப் பணயம் வைப்பான் என்பனவற்றையும் அது மெல்லத் தொட்டுவிடுகிறது. எனவே, எப்போது விண்ணப்பிப்பது என்பதைக் கடைசித் தேதி பற்றிய கேள்வியாக மட்டும் நாம் எண்ணிவிட இயலாது.

நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் இக்கேள்விக்குத் தனிப் பாரம் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும் டைட்டனும் ஆலைகளை நிறுவியபின், பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தோர் இங்கே குடியேறினர். நிரந்தரப் பணியாளரின் வீட்டுக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டுக்கும் இடையே ஒரு சுவர்தான். வாழ்வோ வேறு வேறு. ஷிப்டு மாறிமாறி உழைக்கும் தந்தைக்கு, உணவும் உறைவிடமும் ஒழுங்கும் ஆங்கிலமும் உதவித்தொகையோடு கிடைக்கும் பள்ளி எத்துணை ஆறுதல் என்பதை வசதியாக வாழ்வோர் எளிதில் உணரார். "பணத்துக்காகவா பிள்ளையைப் படைக்கு அனுப்புகிறாய்?" என்று அவரைக் கேட்பது அறமுமன்று, அழகுமன்று.

வாயில்கள் பல உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது உண்டு. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரில் 1962இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி, பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரை ஆறாம் வகுப்பில் சேர்க்கிறது. ஒன்பதாம் வகுப்பிலும் சேரலாம். குடும்ப வருமானத்தைப் பார்த்து அங்கே அரசின் உதவித்தொகை கிடைக்கிறது. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், பெங்களூரிலும் ஒரு படைத்துறைப் பள்ளி இருக்கிறது. 1922இல் தோன்றிய டேராடூன் ராஷ்ட்ரிய இந்திய இராணுவக் கல்லூரியோ பதினொன்றரை வயது நிரம்பி, பதின்மூன்றை எட்டாதவர்களை எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறது. பெயரில் கல்லூரி என்றிருப்பினும் அதுவும் பள்ளியே. அதிகாரியாவதற்குரிய பயிற்சி பின்னர்தான் வருகிறது. புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதெமிக்குப் பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வயது வரை தேர்வெழுதலாம். எந்தப் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருப்பவரும் எழுதலாம். பட்டம் பெற்றபின் வருவோருக்குச் சென்னைப் பரங்கிமலையின் அதிகாரிகள் பயிற்சி அகாதெமி இருக்கிறது.

"இப்போது விட்டால் பிறகு கிடைக்காது" என்று உறவினர் சொல்வது பாதி உண்மை. டேராடூனின் கதவு பதின்மூன்றாம் வயதில் மூடிக்கொள்வது மெய். படைக்குச் செல்லும் வழி மூடிக்கொள்வதில்லை. 2014இல் காஷ்மீரில் உயிர்நீத்து, அசோகச் சக்கர விருதால் நாடு போற்றிய மேஜர் முகுந்த் வரதராஜன், வணிகவியல் பட்டமும் இதழியல் பட்டயமும் பெற்ற பின்னரே பரங்கிமலையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். காலந்தாழ்ந்து வந்தவர் என்று அவரை எவரேனும் சொல்லத் துணிவரோ?

சிறு வயதிலேயே பிள்ளையை ஓர் அழைத்தலுக்கென ஒப்படைப்பது நமக்குப் புதிதன்று. இளங்குருமடங்களை நாம் அறிவோம். 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் குருமடங்களை ஏற்படுத்தப் பணித்தபோது, பன்னிரண்டு வயதேனும் நிரம்பிய சிறுவர்களைச் சேர்க்கவும், அவர்களுள் ஏழைகளின் மக்களுக்கு முதலிடம் தரவும் கூறியது. ஆகவே உதவித்தொகையும் நமக்குப் பழையதே. அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே புனித தோமா அக்குவினார் இவ்வயதைப் பற்றிச் சிந்தித்திருக்கிறார். சிறுவரைத் துறவு இல்லத்தில் வளர்ப்பதற்கு அவர் தடை சொல்லவில்லை. இளமையில் பழகியது நிலைக்கும் என்பதை ஏற்கிறார். ஆனால் பருவம் எய்துமுன் பிள்ளை செய்யும் வாக்குறுதி உறுதியாகப் பிணிக்காது. பருவம் எய்தியபின்போ முடிவு பிள்ளையினுடையது, தந்தையினுடையதன்று என்கிறார். இது நூலறிவு மட்டுமன்று. ஐந்து வயதில் வீட்டார் அவரை மோந்தே கசீனோ மடத்தில் விட்டனர். இருபது வயதையொட்டி அவர் தாமே சாமிநாதர் சபையைத் தேர்ந்தபோது, அதே வீட்டார் அவரைப் பிடித்து ஏறத்தாழ ஓராண்டு அடைத்துவைத்தனர். தங்கள் தெரிவுக்கு வயது போதும் என்று நினைத்தவர்களே அவருடைய தெரிவுக்கு வயது போதாது என்றனர்!

இளங்குருமடங்களைப் பற்றி 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியதை நாம் மிக மதிக்கிறோம். அங்குப் பயில்வோர் வேறு வாழ்க்கைநிலையைத் தேர்ந்துகொண்டால், இடரின்றி வேறிடத்தில் படிப்பைத் தொடரும் வகையில் பாடங்கள் அமையவேண்டும் என்றது சங்கம். உள்ளே அழைக்கும்போதே வெளியே செல்லும் வழியையும் செப்பனிட்டு வைத்தல் என்று இதனைச் சொல்லலாம். ஆனால் அவ்வழியே திரும்பி வந்தவனை ஊர் எப்படி வரவேற்றது? "சாமியாராகப் போனவன் பாதியில் வந்துவிட்டான்" என்ற பேச்சைத் தாங்க முடியாமல் கூனிக் குறுகிய இளைஞரை நம் பங்குகளில் கண்டவர்கள் இன்றும் உளர். சட்டம் திறந்துவைத்த வாயிலை வீட்டாரின் முகம் அடைத்துவிட்டது.

படைத்தொழிலில் இது இன்னும் கூர்மையாகிறது. நாட்டைக் காக்கப் பணிபுரியும் வீரர் தம் கடமையைச் செம்மையாக ஆற்றுகையில் அமைதிக்கே துணை நிற்கிறார் என்று 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் சங்க ஏடு ஏற்கிறது. மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்பவருக்குச் சட்டம் பரிவு காட்டவேண்டும் என்றும் அதே பகுதி கேட்கிறது. இரண்டையும் எடைபோட வல்லவனே இத்தொழிலுக்குச் சம்மதம் சொல்ல வல்லவன். கட்டளை வந்தால் கொல்லவும் வேண்டிவரும் என்பதைப் பத்து வயதுச் சிறுவன் எடைபோடுவதெங்ஙனம்? அவனுக்குத் தெரிந்தவை சீருடையும் குதிரையேற்றமும் குடியரசு நாள் அணிவகுப்புமே. சிறாரைப் போரில் ஈடுபடுத்துவது பற்றிய உலக உடன்பாட்டை 2005இல் ஏற்றபோது, பயிற்சி முடித்தவரையும் பதினெட்டு வயதுக்குமுன் போர்முனைக்கு அனுப்புவதில்லை என்று நம் அரசே உறுதியளித்திருக்கிறது.

ஆகவே பத்து வயதில் விண்ணப்பிப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. நல்ல பள்ளி என்று கருதி விண்ணப்பிக்கலாம். ஏழை வீட்டில் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். அங்குப் படித்து வேறு தொழில்களுக்குச் சென்றோர் பலர். கெடுதல் வேறோர் இடத்தில் நுழைகிறது. உதவித்தொகை வீட்டில் கடனாக மாறிவிடுகிறது: "உனக்காக அரசு இவ்வளவு செலவழித்தது, அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார், இப்போது வேண்டாம் என்கிறாயா?" கடக்வாஸ்லாவில் பயிற்சிக்குக் கட்டணமில்லை, ஆனால் தானாக விலகுபவனிடம் பயிற்சிச் செலவைத் திரும்பக் கேட்கும் ஒப்பந்தம் உண்டு. அதில் தந்தையும் கையொப்பமிடவேண்டியிருக்கும். அந்தக் கடனையாவது தொகையாகக் கணக்கிட்டுத் தீர்த்துவிடலாம். வீட்டார் எழுதும் கடன் பத்திரத்துக்குத் தொகையும் இல்லை, தவணையும் இல்லை.

எனவே முதல் விண்ணப்பத்தைத் தந்தை நிரப்பட்டும். பதினேழாம் வயதின் விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். அதற்கு முன், வேண்டாம் என்ற சொல்லை அவன் ஒருமுறையேனும் அச்சமின்றி வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கவேண்டும். அச்சொல்லைக் கேட்கத் திராணியில்லாத வீடு ஓராண்டு பொறுத்திருப்பது நன்று. தேர்வு ஆண்டுக்கு இருமுறை வருகிறது.

பெண் பிள்ளைகளுக்கும் இன்று இக்கேள்வி உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னரே தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வைப் பெண்கள் எழுத முடிந்தது. 2022இல் சேர்ந்த முதல் அணியினர் பதினேழு பேர் 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளிவந்தனர். அவர்களுக்குப் பத்து வயதாயிருந்தபோது அந்தக் கதவு பெண்களுக்கு மூடியே இருந்தது. எந்தத் தந்தையும் அதை மனத்திற்கொண்டு அவர்களுக்காக விண்ணப்பம் எழுதியிருக்க இயலாது.