தெரிந்த குறை யாருடையது?

வியாபாரச் சகோதரர்களே!

விற்ற பொருளில் குறை இருந்தால் அந்தக் குறை யாரைச் சேர்ந்தது? செய்தவரையா, விற்றவரையா, வாங்கியவரையா? கடையில் நிற்கும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாளாவது வந்திருக்கும். எமக்கும் வந்ததுண்டு. ஆனால் விற்பவராக நின்று கேட்டோமே தவிர, வாங்கியவராக நின்று கேட்டதில்லை. அப்படி மூன்று ஆண்டுகள் கேட்கும்படி எமக்கு ஒரு வண்டி வாய்த்தது. எந்த ஸ்தாபனத்தையும் தூற்ற இதை எழுதவில்லை. அந்த வண்டி எம்மையே எமக்குக் காட்டிக் கொடுத்தது, அதனால் எழுதுகிறோம்.

எமது தொழில் மளிகை. பினாங்கிலிருந்து தைப்பிங், கோலகங்சார், ஈப்போ வரையிலுள்ள உணவுக் கடைகளுக்கு அரிசி, வெங்காயம், மசாலைச் சாமான்கள் அனுப்பி வருகிறோம். 2021-ஆம் ஆண்டில் பழைய வேனை விற்றுவிட்டு, நான்கு கதவும் பின்னால் திறந்த தட்டும் உள்ள புதிய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினோம். ஆறு நாள் சரக்கு ஏற்றலாம், ஏழாம் நாள் மனைவி மக்களை ஏற்றலாம் என்பது எமது கணக்கு. விலை 120,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல், ஏழாண்டுத் தவணை. "இனிப் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை, பாய்" என்று சொல்லித்தான் விற்பனையாளர் சாவியைக் கையில் கொடுத்தார்.

கவலை நான்காம் மாதமே வந்தது. கோலகங்சாரைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டை அறியாத வியாபாரி நம்மில் இருக்க மாட்டார். எழுநூறு கிலோ சரக்குடன் அந்த மேட்டில் ஏறும்போது கியர் ஒரு குலுக்கலுடன் கீழே விழுந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் போக மறுத்தது. பின்னால் பெரிய லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டு வந்தன. அன்று மூத்த மகனும் எம்முடன் இருந்தான். ஓரமாக நிறுத்தி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து முடுக்கியபோது விளக்கும் இல்லை, குலுக்கலும் இல்லை. ஒன்றும் அறியாத பிள்ளை போல் வண்டி ஓடிற்று.

அதன் பிறகு ஐந்து முறை பட்டறைக்குக் கொண்டுபோனோம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். ஒரு முறை மென்பொருளை மாற்றினார்கள். ஒரு முறை எண்ணெயை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் கையில் கொடுத்த தாளில் "சோதித்ததில் குறை காணப்படவில்லை" என்றே இருந்தது. கடைசியில், "இந்த ரக வண்டிக்கு இது இயல்புதான்" என்றார்கள். உத்தரவாதம் ஐந்து ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. எம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு எது முந்தும் என்று சொல்லவும் வேண்டுமா?

பட்டறையின் காத்திருக்கும் பெஞ்சில்தான் எமக்கு உண்மை தெரிந்தது. பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியரும், செம்பனைத் தோட்டக் குத்தகைக்காரர் ஒருவரும் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே ரக வண்டி. மூவருக்கும் மேட்டில் அதே குலுக்கல். மூவருக்கும் கிடைத்த பதிலும் ஒன்றே: "உங்களைத் தவிர வேறு எவரும் இப்படிச் சொல்லவில்லையே!"

அன்று எமக்கு எழுந்த கோபம் கியரின் மேல் அல்ல, அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

நியாயமாகப் பேசுவோம். ஒரு மோட்டார் வண்டியில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் இருக்கின்றன. புதிய ரகம் ஒன்றை எத்தனை சோதித்தாலும், எமது மேட்டிலும் எமது வெயிலிலும் எமது சுமையுடனும் ஓடிய பிறகே சில குறைகள் வெளிவரும். செய்தவருக்கு முன்கூட்டியே தெரியாத குறைக்கு அவரைப் பழிப்பது முறையல்ல. குறை இருப்பது குற்றமன்று. தெரிந்த பிறகு மறைப்பதே குற்றம். தெரிந்த நாளிலிருந்து அந்தக் குறைக்குச் சொந்தக்காரர் அதை அறிந்தவர்தாம். நாம் சொல்ல வந்த விஷயம் இது ஒன்றே.

"வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, உமக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கு பதில் சொல்கிறது. அந்த வழக்கில் சம்பந்தப்பட்டவை எமது வண்டியோ அதன் ரகமோ அல்ல. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கு விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள், 264,000-க்கும் மேற்பட்டவை, அந்த வழக்கில் அடங்கின. டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அது அவ்வப்போது மிகுந்த சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இவ்வண்டிகளில் அது சரிவர நடக்கவில்லை. வெள்ளைப் புகையும் நாற்றமும் வந்தன. பட்டறைக்கு மீண்டும் மீண்டும் போக வேண்டியதாயிற்று. வண்டிகள் ஓடத்தான் செய்தன. ஆயினும் 2022-இல் ஃபெடரல் நீதிமன்றம், குறையின் காரணமாக அவற்றின் மதிப்பு 17.5 சதவிகிதம் குறைந்தது என்று கணித்தது. 2023-இல் மேல்முறையீட்டில் அது 10 சதவிகிதமாக்கப்பட்டது. வழக்கு 2024 வரை நாட்டின் உச்ச மன்றத்தில் நடந்தது. எண்ணைப் பற்றி வாதம் இருக்கலாம், கருத்து தெளிவானது. உண்மை தெரிந்திருந்தால் வாங்குபவர் அந்த விலை கொடுத்திருக்க மாட்டார். கொடுத்த விலைக்கும் கொடுத்திருக்கக்கூடிய விலைக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய பணம்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. பொருளைப் பெற்ற ஆறு மாதத்திற்குள் குறை வெளிப்பட்டால், அது ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. நமது நாட்டிலும் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆனால் இவையெல்லாம் வியாபாரி பயனீட்டாளருக்கு விற்கும்போது பேசுகின்றன. ஒரு மனிதர் தம் சொந்த வண்டியை இன்னொரு மனிதருக்கு விற்கும்போது இந்தச் சட்டங்கள் ஒதுங்கி நிற்கின்றன. அங்கே அவரவர் மனச்சாட்சி மட்டும்தான் காவல். அந்த இடத்திற்குத்தான் நாம் போய்ச் சேர்ந்தோம்.

2024-இல் வண்டி தொண்ணூற்றாறாயிரம் கிலோமீட்டரைத் தொட்டது. உத்தரவாதம் முடியுமுன் கைமாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். தரகர் ஒருவர் வந்தார். எம்மைவிட மூத்தவர், தொழிலில் பழுத்தவர். "தம்பி, கேட்டால் சொல்லுங்கள். கேட்காததைச் சொல்ல நீங்கள் என்ன மெக்கானிக்கா? சமதரையில் ஓட்டிக் காட்டினால் ஒன்றும் தெரியாது" என்றார்.

வாங்க வந்தவர் கூலிமில் காலைச் சந்தையில் காய்கறி விற்கும் ஓர் இளைஞர். கேமரன் மலையிலிருந்து சரக்கு எடுக்க வண்டி வேண்டும் என்றார். சமதரையில் ஓட்டிப் பார்த்தார். இறங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாய், வண்டியில் ஏதும் தொந்தரவு உண்டா?"

"பெரிதாக ஒன்றுமில்லை, தம்பி" என்றோம்.

அவர் ஐந்நூறு ரிங்கிட் முன்பணம் வைத்துவிட்டுப் போனார்.

அன்று பகல் முழுவதும் மனத்திற்குள் நியாயங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். "பெரிதாக" என்றுதானே சொன்னோம், அது பொய்யாகுமா? அவரே ஓட்டிப் பார்த்தாரே. பழைய வண்டி என்றால் குறை இருக்கும் என்பது உலகறிந்ததாயிற்றே. எல்லாவற்றிற்கும் மேலாக, எமக்கு யார் சொன்னார்கள்? நாம் ஏமாந்தோம், ஏமாந்த நஷ்டத்தை நாமே சுமக்க வேண்டுமா?

அன்று மாலை கடையில் ஒரு சம்பவம் நடந்தது. மலாய் மாது ஒருவர் கடலை மாவுப் பொட்டலம் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே வண்டு. எமது கடைப் பையன் சுவரிலிருந்த பலகையைக் காட்டினான்: விற்ற சாமான் திரும்ப வாங்கப்படமாட்டாது. பிறகு அவன் சொன்னான்: "உங்களைத் தவிர வேறு எவரும் இப்படிச் சொல்லவில்லையே!"

அந்த வாரத்தில் அதே மூட்டை மாவுக்கு அவர் மூன்றாவது ஆள். அது பையனுக்கும் தெரியும், எமக்கும் தெரியும்.

சகோதரர்களே! அந்த வாக்கியத்தை அவனுக்கு யார் கற்றுக் கொடுத்தது? பட்டறைக்காரர்களா? அவன் ஆறு ஆண்டுகளாக எமது கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதும் நாம் மதரஸாவில் சிறு வயதிலேயே கேட்டவை. அந்த மனிதர் தண்ணீர் ஊற்றவில்லை. மழை பெய்தது அவர் குற்றமும் அல்ல. நனைந்ததை மேலே வைத்து ஜனங்கள் பார்க்கும்படி செய்திருக்கக்கூடாதா என்பதே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. எமது கியரும் அந்த மழை போன்றதுதான். ஷாபிஈ சட்ட நூல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. குறையை அறிந்தவர் விற்பவராக இல்லாவிட்டாலும் வாங்குபவருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்று அவை கூறுகின்றன. அப்படியானால் கேட்ட பின்னும் மழுப்பிய எமது நிலை என்ன?

"எமக்கு யாரும் சொல்லவில்லையே" என்ற நியாயத்தையும் எடைபோட்டுப் பார்த்தோம். எம்மிடம் ஒருவர் கள்ள நோட்டுக் கொடுத்துவிட்டால், அதை அடுத்த கடையில் மாற்றலாமா? எம்மை ஏமாற்றியவர் ஒருவர். நாம் ஏமாற்றப் போவது வேறொருவரை. அந்தக் காய்கறிக்கார இளைஞர் எமக்கு எந்தக் கடனும் பட்டவரல்லர். மேலும் கேமரன் மலைப் பாதையில் சுமையுடன் கியர் விழுந்தால் போவது பணம் மட்டும்தானா?

கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் எமது மகள் ஒரு செய்தி சொன்னாள். ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாராம். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். குறை விற்பவருக்கு மட்டும் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால், வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகித்துக் குறைந்த விலையே கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். நாளடைவில் சந்தையில் கெட்டவையே மிஞ்சும். இதைக் கேட்டபோது, வியாபாரத்தில் பரக்கத் போய்விடுகிறது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது எப்படிப் போகிறது என்று எமக்குப் புரிந்தது. நாணயமானவர் முதலில் வெளியேறுகிறார். அவர் பின்னே பரக்கத்தும் வெளியேறுகிறது.

மறுநாள் காலை அந்த இளைஞரைக் கடைக்கு அழைத்தோம். ஐந்து பட்டறைத் தாள்களையும் மேசைமேல் வைத்தோம். மேட்டில் நடந்ததைச் சொன்னோம். "நேற்று நீங்கள் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எமது தவறு" என்றோம். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, "முன்பணத்தைக் கொடுங்கள், பாய்" என்றார். கொடுத்தோம். எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்கு உரியதைத்தான் கொடுத்தோம், அதுவும் ஒரு நாள் தாமதமாக.

ஆறு வாரம் கழித்து, கியர் வேலை தெரிந்த பட்டறை முதலாளி ஒருவர் தாள்களைப் பார்த்தே வண்டியை வாங்கிக்கொண்டார். முதலில் பேசிய விலையைவிடப் பதினோராயிரம் ரிங்கிட் குறைவு. உண்மை சொன்னதற்கு எங்கிருந்தோ லாபம் வந்து கொட்டிற்று என்று எழுதினால் கட்டுரை இனிக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. அந்தப் பதினோராயிரம் இன்றும் வலிக்கத்தான் செய்கிறது. மெனோரா மேட்டில் போகும்போது மட்டும், அந்த இளைஞரின் முகம் எம்மைத் துரத்துவதில்லை.

அன்பர்களுக்கு இரண்டு சொற்கள் கூறி முடிக்கிறோம். புதிய வண்டியில் குறை கண்டால், வாயால் முறையிட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நாள், கிலோமீட்டர், நடந்தது ஆகியவற்றை எழுதிக் கொடுத்துப் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்கள் விற்றவரிடம் நியாயம் கேட்க உதவும். வண்டி கைமாறும் நாளில் அவையும் வண்டியோடு போகட்டும்.

எமது கடைச் சுவரில் அந்தப் பலகை இப்போது இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது. அதைப் பிடுங்கவில்லை, பையனும் நாமும் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.