காவலும் உரிமையும்

ஒன்றைக் காத்தவர் அதற்கு உரியவர் ஆவாரா என்னும் வினா அறவியலில் பழையது. குழந்தை, நிலம், கலைச்செல்வம் ஆகியன பற்றி அது பலகாலும் எழுப்பப்பட்டுள்ளது. காட்டுயிர் பற்றி எழும்போது அவ்வினா தனியொரு கூர்மை பெறுகின்றது. தன் நலனை எடுத்துரைக்க இயலாத உயிரின் பொருட்டு மனிதரே வழக்காடி, மனிதரே தீர்ப்பும் கூறுகின்றனர். ஆசியச் சிங்கத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மேற்காசியா தொடக்கம் வட இந்தியா வரை பரவி வாழ்ந்த இவ்வினம், வேட்டையாலும் காடழிவாலும் அருகி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் கீர்க் காட்டில் மட்டுமே எஞ்சி நின்றது. ஜூனாகத் நவாப்புகளின் வேட்டைத் தடையும், பின்னர் குஜராத் அரசின் பராமரிப்பும், தம் எருமைகளை அதற்கு இரையாக இழந்தும் அதனோடு ஒரே காட்டில் வாழ்ந்த மால்தாரி இடையரின் பொறுமையுமே அதனை வாழவைத்தன. 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள் இருந்தன.

ஆயின், எண்ணிக்கை பெருகுவது மட்டும் காப்பு ஆகாது. ஓரினம் முழுவதும் ஒரே நிலப்பகுதியில் வாழுமாயின், ஒரு கொள்ளைநோயே அதற்கு முடிவாகலாம். 1994 இல் தன்சானியாவின் செரெங்கெற்றியில், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரசு சிங்கங்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அழித்தது. 2018 இல் கீரிலும் சில வாரங்களுள் 20க்கு மேற்பட்டவை மடிந்தன. அவற்றுட் சிலவற்றில் அதே வைரசு கண்டறியப்பட்டது.

இவ்விடரை முன்னுணர்ந்தே மத்தியப் பிரதேசத்தின் குனோ காடு இரண்டாம் வாழிடமாகத் தெரிவுசெய்யப்பட்டது. அதற்கென 24 கிராமங்களின் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் சகரியா பழங்குடியினர். சிங்கம் தம் குடும்பத்து உறுப்பினர் என்றும், குனோ அதற்கு ஏற்றதன்று என்றும் குஜராத் தரப்பு வாதிட்டது. 2013 ஏப்ரலில் இந்திய உயர் நீதிமன்றம், ஒரு மாநிலத்தின் பெருமிதமன்று, அழிவை எதிர்நோக்கும் இனத்தின் நலனே அளவுகோல் எனக் கொண்டு, இடமாற்றத்துக்குக் கட்டளையிட்டது. எனினும் சிங்கம் எதுவும் அங்கு அனுப்பப்படவில்லை. 2022 இல் அக்காட்டுக்குக் கொணரப்பட்டவை நமீபியாவின் சிவிங்கிப்புலிகளே.

குஜராத் தரப்பின் வாதத்தை வெறும் தன்னலமெனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பிறவிடங்களிலெல்லாம் அழிந்ததை அம்மக்கள் காத்தனர். வேட்டைக்காரர் பற்றிய அச்சமும் பொருளற்றதன்று. ஆனால் அன்பு உடைமையுணர்வாக மாறும் இடத்திலேயே அறச்சிக்கல் தோன்றுகின்றது. விலங்குகள்பால் மனிதனுக்கு நேரடிக் கடமை இல்லை. அவற்றைக் கொடுமைப்படுத்துவது மனிதன்பால் உள்ள கடமையைப் பழுதாக்கும் என்பதாலேயே தவறு என்றார் கான்ற். அக்கொள்கைவழிச் செல்லின், காப்பவனின் பண்பே பேசப்படும். காக்கப்படுவதன் நலன் பின்தள்ளப்படும். அகத்திணை மரபின் செவிலி வளர்த்த மகளின் பிரிவால் வருந்துகின்றாள். அவ்வருத்தம் அன்பின் ஆழத்தைக் காட்டுமேயன்றி, மகளின் வாழ்வை வரையறுக்கும் உரிமையை அவளுக்கு அளிப்பதில்லை.

இவ்வழக்கில் பேசப்படாத தரப்பும் ஒன்றுண்டு. பெருமிதம் மாநிலத்துக்குரியது, எருமையின் இழப்போ இடையனுக்குரியது. 1970களில் கீரிலிருந்து மால்தாரிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். குனோவின் சகரியாக்கள் வராத சிங்கத்துக்காக வீடிழந்தனர். இழந்தோர்க்கு அளித்த உறுதிமொழியை நிறைவேற்றாமை, இழப்பினும் கொடிய அநீதியாகும்.

ஆகவே, காத்தவர்க்கு நன்றி உண்டு, புகழும் உண்டு, உடைமையுரிமை மட்டும் இல்லை. தன் கையை விட்டு நீங்கிய பின்னரும் காக்கப்பட்டது வாழவேண்டும் என விரும்புவதே காவல். அவ்விருப்பம் இல்லாதவிடத்து எஞ்சுவது வேலியே.