ஓட்டைத் திறந்த ஈரம்

வெள்ளவத்தை என்னும் பெயருக்கு மணல் தோட்டம் என்று பொருள் கூறுவர். புகையிரதப் பாதைக்கு அண்மையிலுள்ள எங்கள் வளவில் ஒரு சாண் தோண்டினாலே அது மெய்யென்பது விளங்கும். மலைநாட்டு நண்பரொருவர் அன்போடு தந்த ஐந்து மக்கடேமியாக் கொட்டைகளுள் நான்கை, அந்த மணலை நிரப்பிய சட்டியில் ஊன்றிய நாள்முதல், இங்குள்ள இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்துப் பிரசங்கங்களிற் சிறு பிராயத்தில் நான் கேட்ட பழைய வினாவொன்று மீண்டும் என் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது: நெல்லை உமிபோல ஆன்மாவை அநாதியே மூடிநிற்கும் ஆணவ மலம் நீங்குவது நம் முயற்சியாலா, இறைவன் திருவருளாலா?

அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக் காடுகளே இம்மரத்தின் தாயகம். 1857இல் ஃபெர்டினாண்ட் வொன் முல்லர் என்னும் தாவரவியலாளர் ஜோன் மக்கடம் என்பவரின் பெயரை இதற்குச் சூட்டினார். இதன் ஓட்டின் வன்மைக்கு முன் பாக்குவெட்டி தோற்கும். ஐந்தாவது கொட்டையை நான் அம்மியில் வைத்துக் குழவியால் அடித்தேன். முதலடிக்கு வழுக்கியோடிற்று, மூன்றாமடிக்கு ஓடும் பருப்பும் ஒருங்கே நொறுங்கின. தின்பதற்கு அது போதும், முளைப்பதற்கு உதவாது.

சட்டியிலிட்டவற்றுக்கோ காலையும் மாலையும் நீர் தெளித்ததன்றி நான் வேறொன்றும் செய்தேனல்லேன். ஏறக்குறைய ஆறு வாரஞ் சென்ற ஒரு விடியலில், குழவிக்கு எளிதில் இணங்காத அதே வகை ஓடு, மயிரிழை போன்ற தன் பொருத்துவாயில் தானே பிளந்து, வெண்ணிற வேரொன்றுக்கு வழிவிட்டிருந்தது. மணலுக்குள் மறைந்துநின்ற ஈரம் ஓட்டைத் தாக்கவில்லை. உள்ளிருந்த உயிரைப் பருக்கச் செய்தது. பருத்த உயிரே ஓட்டைப் பிளந்தது. மறைந்துநின்று மலத்தைப் பக்குவப்படுத்தும் சக்தியைத் திரோதானம் என்றும், பக்குவம் முதிர்ந்தவிடத்து அருள் பதிதலைச் சத்திநிபாதம் என்றும் நம் ஆசாரியர்கள் வகுத்துரைத்த நுட்பம் அன்று எனக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாயிற்று. முயற்சி என்பது அடிப்பதன்று. அருளின் ஈரத்தில் விலகாது கிடப்பதே உயிர் செய்யத்தக்க முயற்சி.

குளிர்ந்த இரவுகளை நாடிப் பூக்கும் இம்மரம் கொழும்பின் வெம்மையிற் காய்க்குமோ என்பது ஐயமே. ஆயினும் நாற்று இன்று ஒரு சாண் வளர்ந்து நிற்கிறது. பிளந்த ஓடு இன்னும் அதன் அடியைவிட்டு அகலவில்லை. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, வலிகெட்டுக் கிடக்கும் என்று சைவ சித்தாந்தம் சொல்வதை நான் நெடுங்காலம் ஏற்கத் தயங்கினேன். இப்போது தினமும் அந்த ஓட்டுக்கே நீர் ஊற்றுகிறேன்.