ஒடுக்கமும் அழிவும்

அண்ணாமலை நகரிற் பயிலும் மாணவ அன்பர் ஒருவர் சின்னாட்களுக்கு முன் எம்மை வினவினார்: “நமது பால்வீதியும் ஆந்திரமேதை மண்டலமும் ஒருகாலத்து மோதிக் கலக்கும் என்கின்றனர் வானநூலார். நாம் பேணுவன யாவும் தங்கும் இடமே குலையுமாயின், இன்று அறஞ்செய்து என்ன பயன், ஐயா?” இவ்வினா இகழற்பாலதன்று. ஆகலின் ஈண்டு ஆராய்வாம்.

ஆந்திரமேதை நம்மை நோக்கி வருதலை 1912-ல் சிலிபர் என்பார் அளந்தறிந்தார். இடைத்தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு. கலப்பு உறுதியென முன்னர்க் கருதினர். 2025-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியோ, இனி 1000 கோடி ஆண்டினுள் அது நிகழ்தற்கும் நிகழாமைக்கும் ஏறக்குறைய ஒத்த வாய்ப்பே உண்டென்கின்றது. நிகழும் எனவே கொண்டு மேற்செல்வாம்.

அங்ஙனம் கலக்கும் இரண்டனை இன்றே தொலைநோக்கியிற் காணலாம். அத்த நாளின் விண்மீன்கள் தோன்றும் பகுதியில், பல கோடி ஒளியாண்டுக்கு அப்பால், இரு சுருள் மண்டலங்கள் பிணைந்து கிடக்கின்றன. 1785-ல் வில்லியம் எர்ச்செல் கண்டவை அவை. பூச்சியின் உணர்கொம்புகள் போல அவற்றினின்றும் நீண்ட இரு வால்கள் புறப்பட்டுள. ஒன்றன் ஈர்ப்பு மற்றொன்றினின்றும் இழுத்தெறிந்த விண்மீன்களும் வளியுமே அவ்வால்கள் என்பதை 1972-ல் தூம்ரே உடன்பிறந்தார் இருவர் கணித்துக் காட்டினர்.

இனி, மோதல் என்னுஞ் சொல் மயக்கந் தருவது. சூரியனுடைய விட்டம் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீட்டர். அதற்கு அடுத்த விண்மீனின் தூரமோ அவ்விட்டத்தினும் 3 கோடி மடங்கு. ஆகவே மண்டலங்கள் ஊடுருவினும் விண்மீன்கள் ஒன்றையொன்று தாக்குதல் மிக அரிது. இடையிலுள்ள வளிமுகில்களே நெருக்குண்டு செறியும். அச்செறிவினின்றும் புதிய விண்மீன்கள் தோன்றும்.

தாக்காதன எங்ஙனம் ஒன்றாகும்? இதற்குரிய கணக்கை 1943-ல் வகுத்தவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவர். பெரும்பொருள் ஒன்று விண்மீன் கூட்டத்தினூடே செல்லுங்கால் அவற்றைத் தன்பால் ஈர்க்கும். அவை அதன் பின்னே செறியும். அச்செறிவு அதனைப் பின்னின்று இழுக்க, அதன் வேகம் தணியும். இதனை இயக்க உராய்வு என்பர். தணிந்த வேகம் ஒழிந்துபோவதன்று. சூழ்ந்த விண்மீன்களின் இயக்கமாகப் பகிர்ந்து நிற்கும்.

ஆயின், சடப்பொருளின் நெறியை உயிருக்கு ஏற்றலாமோ எனின், ஏற்றலாகாது. உவமை பிரமாணம் ஆகாது. வானநூல் கொண்டு சாத்திரத்தை நிறுவுதலும் எம் கருத்தன்று. அன்பரின் வினா ஊன்றி நின்றது, உருக்குலைவே இன்மையாம் என்னும் துணிபின்மேல். அத்துணிபு சடத்தின்கண்ணும் செல்லாமையே ஈண்டுக் காட்டினாம். உருவே மாறும், பொருள் ஒழியாது என்பது சற்காரியவாதம். ஒடுக்கம் உயிர்களின் இளைப்பொழித்தற் பொருட்டு என்பது சித்தாந்தம்.

இனி அறத்தின் பயனை நோக்குக. நெடுங்காலம் நிற்றலே பயனுக்கு அளவாயின், பசித்தார்க்கு இட்ட சோற்றினும் எடுத்த மதிலே சிறந்த அறமாதல் வேண்டும். அங்ஙனம் கூறுவார் யாருமிலர். சோறு ஒருபொழுதில் ஒழியும். அவன் பசி தீர்ந்தமை எக்காலத்தும் பொய்யாகாது. செய்வான் உள்ளத்து அதனால் விளைந்த நெகிழ்ச்சியும் அவ்வுயிரொடு செல்வதே.

கார்த்திகைத் திங்களில் நிலவில்லா முன்னிரவில், விளக்கொளி இல்லாத வெளியில் நின்று, உத்திரட்டாதிக்கு வடபால் நோக்கின், ஆந்திரமேதை சிறு வெண்புகை போலக் கண்ணுக்கே தோன்றும். அன்பர் அதனைக் காண்க. கண்டு மீள்கையில் வழியிற் பசித்தார் ஒருவர் எதிர்ப்படின், அவர்க்கு உதவுதலைப் பல கோடி ஆண்டு கழிந்து நிகழ்வதொன்று பயனற்றதாக்குமோ என்று தம்மையே வினவுக. விடை ஆண்டே கிடைக்கும் என்க.