குண்டுக்கு அஞ்சாதவர்கள் காரை விடுவார்களா?

'நான் ஒருத்தன் ஓட்டுப் போட்டு என்ன ஆகிவிடப்போகிறது?' என்று சலித்துக்கொள்ளும் தம்பி, கிழக்குத் திமோர் என்ற குட்டி நாட்டின் கதையைக் கேள்.

1999 ஆகஸ்ட் 30. இந்தோனேசியாவின் பிடியில் 24 ஆண்டுகள் கிடந்த அந்த மக்களிடம் ஐ.நா. வாக்கெடுப்பு நடத்தியது. விடுதலைக்கு ஓட்டுப் போட்டால் ஊரே மிஞ்சாது என்று ஆயுதக் குழுக்கள் பகிரங்கமாக மிரட்டின. அது வெறும் பூச்சாண்டி இல்லை. ஏப்ரலில்தான் லிக்கிசா தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அப்படியும் விடியுமுன்பே மலைப்பாதைகளில் இறங்கி வந்தது ஜனம். ஞாயிறு பூசைக்கு உடுத்தும் நல்ல துணியை உடுத்திக்கொண்டு வரிசையில் நின்றது. ஓட்டைப் போட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் பலர். பதிவான ஓட்டு 98 சதவீதத்துக்கு மேல். விடுதலைக்கு விழுந்தது 78.5 சதவீதம். சொன்னபடியே ஊர்களைக் கொளுத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

தம்பி, இதுவே பெரிய வீரம் என்று நினைத்துவிடாதே. ஆவேசத்தில் ஒரு நாள் துணிந்துவிடலாம். அப்புறம் வருஷக்கணக்கில் அதைக் கட்டிக் காப்பாற்ற வேண்டுமே, அங்கேதான் முதுகெலும்பு வேண்டும்!

2002 மே 20-ல் நாடு பிறந்தது. நான்கே ஆண்டுகளில் ராணுவம் இரண்டுபட்டது. பாரபட்சம் என்று புகார் சொன்ன சுமார் 600 வீரர்கள் நீக்கப்பட, ராணுவமும் போலீசும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. ஒன்றரை லட்சம் பேர் வீடிழந்தார்கள். 'இது தேறாது' என்று வெளியூர் மேதாவிகள் தீர்ப்பெழுதினார்கள். (குழந்தை தடுக்கி விழுந்தால் பாடை கட்டக் கிளம்பும் கூட்டம் எங்கும் உண்டு.) திமோர் மக்களோ 2007-ல் மறுபடி ஓட்டுப் போட வரிசையில் வந்து நின்றார்கள்.

2008 பிப்ரவரியில் அதிபர் ரமோஸ் ஹோர்ட்டாவை அவர் வீட்டருகிலேயே கலகக்காரர்கள் சுட்டார்கள். ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குத் தூக்கிப் போய்ப் பிழைக்கவைத்தார்கள். அந்த மனிதர் 2012 தேர்தலில் முதல் சுற்றிலேயே தோற்றார். உயிரைக் கொடுக்கத் துணிந்த எனக்கா இந்தக் கதி என்று ராணுவத்தைக் கூப்பிடவில்லை; நாற்காலியை விட்டு இறங்கினார். பத்தாண்டு கழித்து மறுபடி நின்று ஜெயித்தார். தோற்றவன் வீட்டுக்குப் போகவும் திரும்பி வரவும் வழி இருக்கிறதே, இளம் ஜனநாயகத்துக்கு அதைவிடக் கெட்டியான அஸ்திவாரத்தை நான் பார்த்ததில்லை.

வறுமை அங்கே இன்னும் போகவில்லை. எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்துவைக்க 2005-ல் தொடங்கிய நிதியும் கரைந்துவருகிறது. இந்த நிலையில்தான் 2025 செப்டம்பரில், 65 எம்.பி.க்களுக்கும் ஆளுக்கொரு டொயோட்டா பிராடோ வாங்கக் கிளம்பினார்கள்!

கொதித்தெழுந்தவர்கள் மாணவர்கள். வாக்கெடுப்பு நாளில் பிறந்தேயிராதவர்கள் அவர்களில் பலர். தலைநகர் டிலியில் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். போலீசார் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசினார்கள். கலைந்தவர்கள் மறுநாளும் வந்தார்கள். கார் திட்டம் ரத்தானது. 'சரி, ஜெயித்தாயிற்று' என்று அவர்கள் வீடு திரும்பவில்லை. எம்.பி.க்களின் ஆயுட்கால ஓய்வூதியம் எதற்கு என்று அடுத்த கேள்வியைப் போட்டார்கள். அதையும் அதே மாதத்தில், அதே எம்.பி.க்களே கை தூக்கி ரத்து செய்தார்கள்.